துளசிமணி சொன்ன கருத்து

அந்த மைக்கைச் சித்த நேரம் கீழ வெச்சுட்டு நான் சொல்றதைக் கேளு அம்மிணி. படம் விட இன்னும் நேரம் இருக்குது. உள்ள இப்பத்தான் சண்டை ஆரம்பிச்சிருக்குது, சத்தம் இங்க வரைக்கும் கேக்குது பாரு. அது முடிஞ்சு, அழுது, பாட்டுப் பாடித்தான் விடுவாங்க. அது வரைக்கும் நீ இந்தக் கேட்டுக்கிட்டதான நிக்கப்போறே? நானும் நிக்கறேன். சண்டைக்கு வரல. கேமரா வெச்சிருக்கற தம்பி எதுக்கு அப்பிடிப் பாக்குது? நான் ஒண்ணும் பிடுங்கீர மாட்டேன்.

ஆருன்னு சொல்லீர்றேன். எம்பேரு சென்னியப்பன். பஸ் ஸ்டேண்டுக்கு அக்கட்ட மாவு மில்லு வெச்சிருக்கேன். போன வெள்ளிக்கிழமை நீ இதே எடத்துல நின்னு, புதுசா வந்த "மாடியறை மோகனா" பாத்துட்டு வந்தவங்ககிட்டக் கருத்துக் கேட்டியல்ல? அதுல கடைசியா ஒரு பொம்பள பேசுச்சு. பச்சைச் சேலை. கையில ஒரு பையி. அது என்ற ஊட்டுக்காரி. துளசிமணி.

ஆமா, அவதான். நீ மூஞ்சியை அப்பிடி வெச்சுக்காத.

அன்னைக்குப் போனவதான் அம்மிணி. இன்னும் ஊடு வந்து சேரல. அதுக்குத்தான் வந்தேன். இன்னைக்கும் வெள்ளிக்கிழமை, வேற படம் போட்டிருக்கான், எப்படியும் நீ மைக்கைத் தூக்கிட்டு வருவேன்னு காத்தாலயே வந்து நின்னுட்டேன். நீ உன்ற சேனல்ல போட்டது ஒரே ஒரு துண்டு. ஒரு மொளகா கடிக்கற நேரம். அவ பேசினது அதுக்கு மேல இருக்கும்னு மில்லுக்கு வர்ற பசங்க சொல்றாங்க. சுருக்குனு இருக்கறதை மட்டும் வெச்சுட்டு மிச்சத்த வெட்டிப்போடுவீங்களாமல்ல? அந்த மிச்சத்தக் காட்டு. அவ எங்க போறேன்னு அதுல சொல்லியிருப்பா. என்னையப் பத்தியும் ரெண்டு நல்ல வார்த்தை சொல்லியிருப்பா, நீங்கதான் வெட்டியிருப்பீங்க. அது ஒண்ணுதான் நான் கேக்கறது.

நீ போட்ட துண்டு எனக்கு மனப்பாடம். "பயமா இருந்துச்சாம்மா?"ன்னு நீ கேக்கறே. அவ சொல்றா, "பேய்க்கு எதுக்குக் கண்ணு பயப்படோணும்? அது பாட்டுக்கு மாடியில கெடந்துது. வெளிய நின்னு பூட்டுனானே, அவனப் பாத்தாத்தான் பயம்." அவ்வளவுதான். அதுக்கு ஒரு மேளத்தப் போட்டு, அவ மூஞ்சியச் சுத்தி நெருப்பு எரியற மாதிரி வெச்சு, "ஆன்ட்டி மாஸ்"னு எழுதியிருக்கறே. ஊர்ல பாக்காதவன் இல்ல. கம்பு அரைக்க வர்ற பொம்பளைங்க முந்தானையில வாயப் பொத்திட்டு நிக்கறாங்க. நான் மாவைத் தட்டிக் குடுத்தா மூஞ்சியப் பாக்காம வாங்கிட்டுப் போறாங்க.

அவ படத்தப் பத்தித்தான் சொன்னா அம்மிணி. ஊரு அதை வேற மாதிரி எடுத்துக்கிச்சு. அதுக்குக் காரணம் அந்தப் புதுப்படம்.

இதே பேருல வந்த பழைய படம் நீ பாத்திருக்க மாட்டே. அதுதான் படம். எங்களுக்குக் கண்ணாலமாயி ரெண்டு மாசம், இதே தேட்டர்ல பாத்தோம். எஸ்டேட் மொதலாளி, நல்ல மனுசன். பொண்டாட்டி மோகனாவுக்குப் புத்தி சரியில்லாமப் போகுது. வேற வழியில்லாம மாடியறையில வெச்சுப் பூட்டறான். அவ அங்கயே செத்துப் பேயாயிர்றா. அவன் பாவம், எத்தன பாடு படறான். கடைசியில மந்திரவாதி வந்து ஆணியடிச்சு, சூடம் கொளுத்தி, அவள மறுபடியும் அதே ரூமுக்குள்ள அடைச்சுக் கதவச் சாத்தறான். சுபம். சனங்க எந்திரிச்சு நின்னு கன்னத்துல போட்டுக்கிட்டாங்க.

அந்தக் காலத்துல பேய்ப்படம்னா வெளம்பரமே வேற மாதிரி. வாசல்ல ஆஸ்பத்திரி வேன் ஒண்ணக் கொண்டாந்து நிறுத்தியிருந்தாங்க, ஆராச்சும் மயக்கம் போட்டா தூக்கிட்டுப் போறதுக்குன்னு. ஒரு பூசாரி தட்டுல துண்ணூறு வெச்சுட்டு நின்னு உள்ள போறவங்களுக்கெல்லாம் பூசி விடறாரு. தன்னந்தனியா உக்காந்து முழுப்படமும் பாக்கறவங்களுக்குப் பரிசுன்னு ஒரு தட்டியில எழுதி வெச்சிருந்தான். துளசிமணி அதைப் படிச்சுட்டு, "ஏனுங்க, நான் பாக்கட்டுங்களா?"ன்னா. புதுப்பொண்ணு பேசற பேச்சா அது? பேசாம வான்னு கையப் பிடிச்சு இழுத்துட்டுப் போயிட்டேன்.

உள்ள போனப்பறம் பாக்கோணுமே. அவ பயந்துக்குவாளேன்னு அவ கைய நல்லாப் பிடிச்சுக்கிட்டேன். பாவம், விரலெல்லாம் செவந்துபோச்சு. சுத்தி இருக்கற பொம்பளைங்க அலறுறாங்க, இவ அலறல. உள்ளுக்குள்ளயே வெச்சுக்கிட்டா. "ஏனுங்க, கண்ணத் தொறங்க, பேயி போயிருச்சு"ன்னு அவதான் சொன்னா. எனக்குக் கண்ணுல தூசு விழுந்திருந்துச்சு. ஃபேனு காத்து.

அந்தப் படத்துல இருந்துதான் அவளுக்குப் பயம் பிடிச்சுது. அவ வாயத் தொறந்து சொன்னதில்ல, நாந்தான் கண்டுபிடிச்சேன். ராத்திரியில கொல்லைக்குப் போகோணும்னா நான் தனியாப் போக மாட்டேன், அவளையும் எழுப்பித்தான் கூட்டிட்டுப் போவேன். விட்டுட்டுப் போனா படுத்த எடத்துல பயந்துக்குவாளல்ல? அவ அரைத் தூக்கத்துல கொட்டாவி விட்டுட்டே லைட்டப் பிடிச்சுட்டு நிப்பா. இது இப்ப வரைக்கும் நடக்குது. ஒரு நாளும் மொகஞ்சுளிச்சதில்ல.

பகல்ல நான் மில்லுக்குப் போறப்ப முன்னால கம்பிக் கதவப் பூட்டிச் சாவிய எடுத்துட்டுப் போயிருவேன். காத்து கருப்பு அண்டாம, கண்டவன் வந்து கதவத் தட்டாம. மத்தியானம் வந்து தொறந்து, சோறு தின்னுட்டு, மறுபடி பூட்டிட்டுப் போவேன். பொழுது சாஞ்சு மில்ல நிறுத்துனா வந்து தொறப்பேன். மொத வருசம், "எதுக்குங்க பூட்டறீங்க?"ன்னு கேட்டா. உனக்காகத்தான்னு சொன்னேன். அப்பறம் கேக்கல. புரிஞ்சுக்கிட்டா.

நீ என்ன அம்மிணி தம்பியப் பாக்கறே? நான் அடிச்சேனா, ஒதைச்சேனா? எங்களுக்குக் கொழந்தை இல்ல. அதச் சொல்லி ஒரு வார்த்தை நான் குத்திப் பேசினதில்ல. ஒறம்பறை ஊட்டு விசேசம்னா நானே கூட்டிட்டுப் போயி, பந்தியில என்ற பக்கத்துலயே உக்கார வெச்சு, நானே கூட்டிட்டு வந்துருவேன். எத்தன பேரு செய்வான்?

இப்ப வந்திருக்கற படத்துக்கு வா. பேரு மட்டும் அதே பேரு. இதுல புருசன் கெட்டவனாமா. சொத்துக்காகப் பொண்டாட்டியப் பைத்தியம்னு சொல்லி அடைச்சுட்டானாமா. கடைசியில மந்திரவாதி ஆணிய எடுத்துட்டு வர்றாரு, பேயி அவர ஒண்ணும் பண்ணல, ஓரமா நில்லுங்கன்னு சொல்லீருது. புருசன இழுத்துட்டுப் போயி அதே மாடியறையில தள்ளி வெளியில பூட்டிருது. பூட்டிட்டுப் பட்டப்பகல்ல ரோட்டுல நடந்து போகுது. எங்க போகுதுன்னுகூடக் காட்டல. அதோட படம் முடிஞ்சுது. இது ஒரு முடிவா? குடும்பத்தோட பாக்கற படமா?

உன்ற சேனல்லயே எல்லாரும் சொன்னதக் கேட்டேன். கண்ணாடி போட்ட ஒரு பையன், "பேயி சுடிதார் போட்டா பயம் வருமா ப்ரோ"ன்னு சொன்னான். அது சரியான கேள்வி. என்ற வயசுக்காரர் ஒருத்தரு, பழசோட கால் தூசிக்கு ஆகாதுன்னாரு. அவர நான் நேர்ல பாத்தா டீ வாங்கிக் குடுப்பேன். ஆனா காலேஜ் பொண்ணுங்க நாலஞ்சு, அந்தாள உள்ள தள்ளிப் பூட்டறப்ப விசிலடிச்சோம்னு சொல்லிச் சிரிக்குதுங்க. ஒரு மனுசன உசுரோட அடைக்கறதுக்கு விசிலு.

நான் பாத்தனான்னா கேக்கறே? நான் எதுக்குப் பாக்கோணும்? அதான் அத்தன பேரு சொல்றாங்களே, போதாதா? அந்த இருட்டுக்குள்ள தனியா எவன் போயி உக்காருவான்? போஸ்டரு ஒட்டுன அன்னைக்கே, "அந்தப் படம் மறுபடி வருதாமுங்க"ன்னு துளசிமணி சொன்னா. நீ பயந்துக்குவே, வேண்டாம்னு சொல்லீட்டேன். சரிங்கன்னா.

இன்னொண்ணும் சொல்றேன் கேளு, அப்பத்தான் உனக்குப் புரியும், எங்களுக்குள்ள ஒரு சண்டையும் இல்லைன்னு. எனக்கு முட்டி வலி, மூச்சுக்குள்ள மாவு போயிப் போயி இருமலு. மில்ல ஒருத்தனுக்குக் குடுத்துட்டேன், ஆடி முடிஞ்சா அவன் வந்துருவான். போன புதன்கிழமை சோறு திங்கறப்ப அவகிட்டச் சொன்னேன். "இனி எனக்கு எங்கயும் போற வேலையில்ல துளசி, காத்தால இருந்து ராத்திரி வரைக்கும் உங்கூடத்தான்." கொழம்புக் கரண்டியக் கையில வெச்சுட்டு அப்படியே நின்னா. எத்தன வருசமா ஏங்கியிருப்பா பாரு, சந்தோசத்துல பேச்சே வரல. வெள்ளிக்கிழமை போயிட்டா. அதுதான் எனக்கு வெளங்கல.

அன்னைக்கு மத்தியானம் சோத்துக்கு வர்றேன், பூட்டு பூட்டுனபடி தொங்குது. தொறந்து உள்ள போனா ஆளக் காணம். அடுப்படி, கொல்லை, கட்டுலுக்கு அடியில, எங்கயுமில்ல. பூட்டின ஊட்டுக்குள்ள இருந்து ஒரு மனுசி எப்படி அம்மிணி காணாமப் போவா? செருப்புக்கூடப் போடாம ரோட்டுக்கு ஓடி வந்துட்டேன். டீக்கடைக்காரன் என்னாச்சுன்னு கேட்டான். அவனக் கூட்டிட்டுத்தான் மறுபடி உள்ள போனேன். அப்பத்தான் பாத்தேன். தட்டுல சோறு போட்டு மூடி வெச்சிருக்கறா, பக்கத்துல சாவி.

பூட்டு வாங்கறப்ப ரெண்டு சாவி தருவானல்ல? அதுல ஒண்ணு தொலைஞ்சு ரொம்ப வருசமாச்சு. தொலைஞ்ச அன்னைக்கு நான் கத்துன கத்தல்ல அவளும் எங்கூடச் சேந்து மூலை முடுக்கெல்லாம் தேடினா. அந்தச் சாவி. கம்பி வழியாக் கைய விட்டுத் தொறந்து, சாவிய உள்ள வெச்சுட்டு, வெளிய வந்து பூட்ட அமுத்திட்டுப் போயிருக்கறா.

மொதல்ல எனக்குக் கோவந்தான் வந்துச்சு. அப்பறம் மில்லுல உக்காந்து யோசிச்சுப் பாத்தேன். சாவி இத்தன வருசமா அவகிட்ட இருந்திருக்குது. நெனச்சிருந்தா என்னைக்கு வேணாலும் போயிருக்கலாம். போகல. அப்ப எம்மேல பிரியமாத்தான இருந்திருக்கறா? நீயே சொல்லு. அந்த ஒண்ண நெனச்சுட்டுத்தான் இந்த ஒரு வாரமா ஒரு வாய் தண்ணி எறங்குது.

சரி, காட்டு. நெழலுக்கு வா, வெளிச்சத்துல தெரியல. சத்தத்தக் கூட்டி வையி.

ஆமா, இவதான். இதென்ன, பூ வெச்சிருக்கறா? உன்ற துண்டுல பூ தெரியல.

என்னமோ சொல்றாளே. அஞ்சுக்கு எத்தன ஸ்டாருன்னு நீ கேக்கறே. "பழசுக்கு ரெண்டு, இதுக்கு நாலு கண்ணு. பாட்டு நல்லால்ல, அதுக்கு ஒண்ணு கொறைச்சுக்க." பாரு, என்னமாப் பேசறா. ஊட்டுல நாலு வார்த்தை சேந்தாப்பல பேச மாட்டா.

"நெறைய படம் பாப்பீங்களாம்மா?"

நிறுத்து. அதைத் திருப்பி வையி.

"இந்தத் தேட்டருக்கு வர்ற படம் ஒண்ணு விட மாட்டேன். மத்தியானக் காட்சி. பொம்பளைங்க பக்கம் கடைசி வரிசை, ஓரத்து சீட்டு. டிக்கெட் கிழிக்கற அண்ணனுக்கே தெரியும், நான் வரலைன்னா காய்ச்சலான்னு கேப்பாரு."

மத்தியானக் காட்சியா? நான் சோறு தின்னுட்டுப் பூட்டிட்டுப் போன பொறவா? பொழுதோட நான் வந்து தொறக்கறப்ப அடுப்படியிலதான இருப்பா. வேர்த்து விறுவிறுத்து இருப்பா, அடுப்புச் சூடுன்னு நெனைப்பேன். அந்த டிக்கெட் கிழிக்கறவன் என்ற மில்லுலதான் அம்மிணி கோதுமை அரைக்கறான். ஒரு வார்த்தை சொன்னதில்ல. டீக்கடைக்காரன் சொல்லல. இந்த ரோட்டுல எத்தன கடை இருக்குது, அத்தன பேரும் பாத்திருப்பாங்களே.

ஓட விடு. "இனி மத்தியானத்துல வர முடியாதுன்னு ஆயிருச்சு. அதான் இன்னைக்குக் காலைக் காட்சிக்கே வந்துட்டேன்."

எதுனால வர முடியாது? ஆரு வேண்டாம்னா?

"ஃபேமிலியோட பாக்கலாமாம்மா?" "தனியாப் பாரு கண்ணு. படத்தத் தனியாத்தான் பாக்கோணும். பக்கத்துல ஆராச்சும் இருந்தா அவங்களத்தான் பாத்துட்டு இருக்கற மாதிரி ஆயிருது."

சிரிக்கறா. நீயும் சிரிக்கறே. மேல்வரிசையில பல்லு ஒண்ணு இல்ல பாரு. எப்ப விழுந்துச்சு? எனக்குத் தெரியாதே.

"பையெல்லாம் பெருசா இருக்கு, ஊருக்காம்மா?" "ஆமா." "எந்த ஊருங்கம்மா?" "இனித்தான் பாக்கோணும்." அவ்வளவுதானா? இதுக்கப்பறம் இல்லியா? அவ ரோட்டத் தாண்டிப் போறதோட நிக்குது. பஸ் ஸ்டேண்டு பக்கந்தான் போறா. என்ற மில்லத் தாண்டித்தான் போயிருக்கறா. மில்லு ஓடுனா பக்கத்துல இடி விழுந்தாலும் எனக்குக் கேக்காது.

இன்னொருக்கா போடு அம்மிணி. நான் எங்கயோ கவனிக்காம உட்டுட்டேன்.

இல்ல. இதுல நானே இல்ல.

திட்டியிருந்தாக்கூடப் பரவால்ல. இப்பிடி ஒரு மனுசன், இப்பிடிப் பூட்டுனான், இப்பிடி வெச்சிருந்தான்னு ஊரறியச் சொல்லியிருந்தா, சரி, எம்மேல கோவம், கோவம் ஆறுனா வருவான்னு இருந்திருப்பேன். அந்தத் துண்டுல சொன்னாளே, பூட்டுனவனப் பாத்தாப் பயம்னு, அது என்னையத்தான் சொல்றான்னு ஊரு சிரிச்சப்ப எனக்கு அவமானமா இருந்துச்சு. இப்பப் பாத்தா அவ நெசமாலுமே படத்தப் பத்தித்தான் சொல்லியிருக்கறா. சாவிய வெச்சுட்டு அவ போகாம இருந்தது எனக்காகன்னு நெனச்சேனே. கடைசி வரிசை ஓரத்து சீட்டுக்காக இருந்திருக்கறா. வயிறு எரியுது அம்மிணி. வேற எப்படிச் சொல்றதுன்னு எனக்குத் தெரியல.

உள்ள சத்தம் நின்னுருச்சு. பாட்டு வந்துருச்சு, இப்பக் கதவத் தொறந்துருவாங்க. சனங்க வர்றதுக்கு முன்னால எங்கிட்டயும் கேளு. அவகிட்டக் கேட்ட மாதிரியே கேளு. தம்பி, எம்பக்கம் திருப்புப்பா.

வணக்கமுங்க. எம்பேரு சென்னியப்பனுங்க.

படம் எப்படியா? படம் நான் பாக்கலீங்க.

பயமா? இருக்குதுங்க. ஊட்டுக்குள்ள போக முடியலீங்க. போன வாரத்துல இருந்து மில்லுலதான் மூட்டை மேல படுத்துக்கறேன். ஆடி முடிஞ்சா அதுவும் என்றது இல்ல. துளசிமணி, வந்துரு. இனிப் பூட்ட மாட்டேன். உனக்குப் படம் பாக்கோணும்னா தாராளமாப் பாரு, நான் வேண்டாம்னு சொல்லல. மத்தியானக் காட்சிக்கு நானும் கூடவே வர்றேன். பக்கத்துலயே உக்காந்துக்கறேன். தனியா எங்கயும் போக வேண்டாம்.

போதும். இதை வெட்டாமப் போடு அம்மிணி. மேளம் கீளம் வேண்டாம், நெருப்பு வேண்டாம். பொழுதோட போட்டுருவியா? எப்படியும் ராத்திரிக்குள்ள அவ பாத்துருவா. உன்ற சேனல்தான் எல்லாத்து ஃபோன்லயும் வருதே.

என்ன அம்மிணி? அவ ஃபோன் நம்பரா?

அவகிட்ட ஃபோனு இல்ல. ஊட்டுக்குள்ளயே இருக்கறவளுக்கு அது எதுக்குன்னு நான் வாங்கிக் குடுக்கல.